கடைசி மடை

சாம்பல் புதனும் எங்கள் நோன்புப் பிறையும் ஒரே வாரத்தில் வந்த வருடம் அது. கீழ்க்கரையிருப்பில் பாதி ஊருக்குத் தவக்காலம், மீதி ஊருக்கு மாசி வெயில், எனக்கு ரமலான் நோன்பு. ஆக மொத்தம் யார் வாயிலும் ஈரம் இல்லை. அந்த லட்சணத்தில்தான் என் ஆயில் எஞ்சினை மினி வேனில் ஏற்றிக்கொண்டு ராஜகிரியிலிருந்து அங்கே போய் இறங்கினேன்.

என் பெயர் அப்துல் ஜலீல். பதினோரு வருடம் துபாயில் ஜெனரேட்டர்களோடு மல்லுக்கட்டிவிட்டு ஊர் திரும்பியவன். பாபநாசம் சுற்றுவட்டாரத்தில் எங்கே எஞ்சின் மக்கர் பண்ணினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று என் வீட்டுக்காரி கமருன்னிஸா சொல்வாள். வேலை சுத்தம் என்று மற்றவர்கள் சொல்வார்கள். இரண்டும் உண்மைதான்.

தண்ணீர் விவரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அணையை மூடி மூன்று வாரம் ஆகியிருந்தது. முன்னால் நட்டவர்கள் அறுத்து முடித்துவிட்டார்கள். நாணல் வாய்க்கால் பாசனத்தில் பதினெட்டு வீட்டுக்காரர்கள் மட்டும் பிந்தி நட்டிருந்தார்கள். அவர்களுடைய பயிர் அப்போதுதான் கதிர் வாங்கிப் பால் பிடிக்கிற பருவம். அந்த நேரத்தில் ஒரு தண்ணீர் கிடைத்தால் நெல், கிடைக்காவிட்டால் பதர். மனுக் கொடுத்து, ரோட்டில் உட்கார்ந்து, ஒரு வழியாக ஐந்து நாளைக்குத் தண்ணீர் கேட்டு வாங்கிவிட்டார்கள். அந்த ஐந்து நாளுக்குள் பதினெட்டு பேரும் முறை வைத்துப் பாய்ச்சிக்கொள்ள வேண்டும்.

முறை வைப்பதில் அந்த ஊருக்கு ஒரு வழக்கம் உண்டு. மாதா கோயில் வாசலில் ஒரு மண்பானையில் பெயர் எழுதிய சீட்டுகளைப் போட்டுக் குலுக்கி எடுப்பார்கள். திருவுளச்சீட்டு என்பார்கள். சிலுவை போட்டவர், திருநீறு பூசியவர் எல்லாருக்கும் அந்த ஒரே பானைதான். ஒருவர் முறை முடிந்து அடுத்தவர் முறை தொடங்கும்போது கோயில் மணி மூன்று தடவை அடிக்கும். மணி கேட்டதும் இவர் மடையை அடைக்க வேண்டும், அவர் திறக்க வேண்டும். அடைத்த மடையைத் திரும்பத் திறக்கக் கூடாது. அங்கே போலீஸ், கோர்ட்டு எல்லாம் அந்த மணிதான்.

பானைக்குள் ஒரே ஒரு பெயர் மட்டும் போகாது. அது வாய்க்கால் தலைவரின் பெயர். அவருக்குச் சீட்டுக் கிடையாது, கடைசி முறை அவருடையது. ஊரே பாய்ச்சிய பிறகு மிச்சம் மீதி இருந்தால் அவர் பாய்ச்சிக்கொள்ளலாம். இதைக் கேள்விப்பட்டபோது, நான் பார்த்த சங்கத் தலைவர்கள், பள்ளிவாசல் தலைவர்கள், கட்சித் தலைவர்கள் எல்லாரும் என் கண்முன் வரிசையாக வந்து சிரித்துவிட்டுப் போனார்கள்.

தலைவர் பெயர் ஞானாதிக்கம். வாய்க்கால் முடிகிற இடத்தில் தென்கரையில் ஆறு மா நிலம் குத்தகைக்குப் பண்ணுகிறவர். இரண்டு ஏக்கர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசி முறை வரும்போது தண்ணீர் மடைக்குக் கீழே இறங்கிவிடும், எஞ்சின் வைத்து இறைத்தால்தான் வயலுக்கு ஏறும். அதற்காகத்தான் என்னைக் கூப்பிட்டிருந்தார்.

நாலாம் நாள் பிற்பகல் நான் போனபோது அவர் வாய்க்காலுக்குள் இடுப்பளவு தண்ணீரில் நின்று ஆகாயத்தாமரையை இழுத்துக் கரையில் எறிந்துகொண்டிருந்தார். ஐம்பது வயது, ஒல்லி உடம்பு, முதுகில் காய்ந்த சேறு.

"தலைவரே, எஞ்சினை எங்க இறக்குறது?" என்றேன். பதில் இல்லை. இன்னும் உரக்கக் கேட்டேன். அப்போதும் இல்லை.

"அந்தப் பக்கம் நின்னு கத்துனா மணிக்கூண்டுலேருந்து கத்துனாலும் கேக்காது பாய். வலது பக்கமா வாங்க" என்று கரைமேட்டிலிருந்து ஒரு பெண் குரல் வந்தது. அவர் மனைவி சம்மனசு. தூக்குவாளியும் கையுமாக நின்றாள்.

அவருக்கு இடது காது கேட்காது, வலது காதும் கொஞ்சம் மந்தம். அது பிறவியில் வந்த கோளாறு இல்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால், எதிர்க்கரையில் ஆறு மா வைத்திருக்கும் சிங்காரவேலு, தன் முறை முடிந்தும் மடையை அடைக்க மறுத்தான். இவர் போய் அடைத்தார். சிங்காரவேலு மண்வெட்டிக் காம்பால் காதோடு சேர்த்து ஒரு போடு போட்டான். ஆஸ்பத்திரியில் கேட்டபோது வரப்பில் வழுக்கி விழுந்தேன் என்று இவர் சொல்லிவிட்டார். அதன் பிறகு அந்த இரண்டு ஆண்களும் பேசிக்கொண்டதில்லை. இதையெல்லாம் எனக்குச் சொன்னது சம்மனசுதான். அவள் சொன்ன தோரணையில் சிங்காரவேலு மேல் பாதிக் கோபமும் புருசன் மேல் பாதிக் கோபமும் இருந்தது.

அன்று சாயங்காலம் நோன்பு திறக்க நான் அவர்கள் வீட்டுக் கொட்டகையில்தான் உட்கார்ந்திருந்தேன். வாழைப்பழமும் தண்ணீரும் போதும் என்றேன். சம்மனசு ஒரு சட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். நோன்புக் கஞ்சி!

"யாருகிட்டக் கேட்டுச் செஞ்சே தங்கச்சி?"

"போன்ல பாத்துதான் பாய். பூண்டு, வெந்தயம், பாசிப்பருப்பு, தேங்காப்பாலு எல்லாம் போட்டேன். கறி போடலை. எங்களுக்குத் தவசு காலம். சட்டியில கறி ஏறக் கூடாது."

கஞ்சியில் உப்பு ஒரு கை கூடுதல். ஆனாலும் இரண்டு சட்டி குடித்தேன். கமருன்னிஸா காதில் விழாமல் இருக்கட்டும், அவள் கஞ்சியைவிட அன்றைக்கு அது ருசித்தது.

ஞானாதிக்கம் ஒரு ஓரமாக உட்கார்ந்து கால்விரல் இடுக்குகளில் மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துத் தடவிக்கொண்டிருந்தார். நாலு நாளாகத் தண்ணீரிலேயே நின்றதில் சேற்றுப்புண் வெள்ளை வெள்ளையாக வாய் பிளந்திருந்தது. எனக்குப் பார்க்கவே கூசியது.

"ஏன் தலைவரே, ஆள் வெச்சு அள்ளக் கூடாதா?"

"அவனவன் மடையில காவல் நிக்கிறான் பாய். யாரக் கூப்புடுறது? தண்ணி ஓடணும்ல."

"கடைசி முறைங்கிறதை யாரு கண்டுபிடிச்சது? உங்க சாமியாரா?"

அவர் அடுத்த காலுக்கு மஞ்சளைக் குழைத்தார். சம்மனசு சொன்னாள். "எங்கப்பா. சந்தியாகுன்னு பேரு. இவருக்கு முன்னாடி இருபது வருசம் அவருதான் தலைவரு. பெரிய வியாழக்கிழமை கோயில்ல சாமியாரு பன்னெண்டு பேரு காலைக் கழுவித் துடைப்பாரு பாய். நீங்க பாத்திருக்க மாட்டீங்க. எங்க ஆண்டவரு சாவுறதுக்கு முந்துன நாளு சீடருங்க காலைக் கழுவுனாரு. அதுதான் கணக்கு. அதைப் பாத்துட்டு எங்கப்பா வந்து, தலைவன்னா கடைசியிலதான் நிக்கணும்னு சொல்லிப்புட்டாரு. ஊரு கையைத் தட்டுச்சு. சாமியாரு வருசத்துக்கு ஒரு நாளு கழுவுறாரு. எங்கப்பா வருசம் பூராக் கழுவுனாரு. கழுவுன தண்ணியெல்லாம் எங்க வீட்டுலதான் வந்து தேங்குச்சு."

"சம்மனசு" என்றார் ஞானாதிக்கம்.

"பொய்யா சொல்றேன்? மூணு வருசம் எங்க வெள்ளாமை பதராப் போச்சு. எங்கம்மா அடுத்த ஊருக்குப் போயி அறுத்த வயல்ல சிந்துன நெல்லைப் பொறுக்கிட்டு வரும். நான் கூடப் பொறுக்கியிருக்கேன். இவரு தலைவரா நிக்கிறப்ப வேணாம்னு அழுதேன். கேட்டாரா? சிலுவையை ஆண்டவரு தூக்கிக்கிட்டாரு, சரி. அவங்க அம்மாகிட்ட ஒரு வார்த்தை யாராவது கேட்டாங்களா பாய்?"

அந்த அம்மா, மர்யம் அலைஹிஸ்ஸலாம், எங்களுக்கும் பெரிய மனுஷிதான். ஆனால் அந்தக் கேள்வியை எங்கள் பக்கத்திலும் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. கஞ்சிச் சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் அடங்காமல் இன்னொன்றும் சொன்னாள். கும்பகோணத்தில் இருக்கிற நிலக்காரர் போன மாதம் வந்து பார்த்துவிட்டு, இந்த வெள்ளாமையும் சரியில்லை என்றால் நிலத்தைத் திருப்பிக் கொடுத்துவிடு, வேறு ஆளுக்கு விடப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். பன்னிரண்டு வருடமாக அந்த இருவரும் பண்ணுகிற நிலம். களையெடுத்தது, வரப்பு வெட்டியது, எலிக்குக் கிட்டி வைத்தது எல்லாம் அவர்கள் கை.

"அதனால நாளைக்கு உங்க எஞ்சினு நிக்கக் கூடாது பாய். நின்னுச்சுன்னா உங்க நோன்பு செல்லாது" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். கண் சிரிக்கவில்லை.

மறுநாள் காலையில் தலைப்பில் ஷட்டரை இறக்கிவிட்டார்கள். வாய்க்கால் வடிந்து, கடைசியில் இருக்கிற மடுவில் மட்டும் தண்ணீர் நின்றது. நான் மூங்கிலை விட்டு ஆழம் பார்த்தேன். சுற்றி நடந்து பார்த்தேன். ஆறு மா நனையும், அதற்கு மேல் ஒரு குடம்கூடத் தேறாது. வயலில் கால் விரல் நுழைகிற அளவுக்கு வெடிப்பு. கதிர்கள் பச்சையாகத்தான் நின்றன. ஒன்றைப் பிதுக்கினால் இன்னும் பால் வந்தது.

எஞ்சினை மடுக்கரையில் நிறுத்தி, உறிஞ்சு குழாயை இறக்கி, மூட்டுகளில் பசுஞ்சாணி அப்பி, தண்ணீர் ஊற்றி நிரப்பி, எல்லாம் தயார் செய்ய உச்சிவெயில் ஆகிவிட்டது. தண்ணீர் கொட்டும் நீல ஓஸைத் தென்கரை வயலில் விரித்துப் போட்டோம். கைப்பிடியை மாட்டிச் சுழற்றப் போன நேரத்தில் வடகரையிலிருந்து ஒரு பெண் மடுவைச் சுற்றிக்கொண்டு ஓடி வந்தாள். நாகம்மாள். சிங்காரவேலுவின் மனைவி.

வந்தவள் ஆண்கள் பக்கம் திரும்பவே இல்லை. நேராகச் சம்மனசிடம் போய்க் கீழே உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கா, நான் எங்க அம்மா வீட்டுக்குப் போறேன். நாகூர் பஸ்ஸுக்குப் போறேன். அவரு வந்து கேட்டா நீங்க சொல்லிடுங்க."

"என்னடி ஆச்சு? சிங்காரவேலு இன்னைக்குத்தானே வர்றாரு?"

சிங்காரவேலு கும்பகோணத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் குடல்வால் ஆபரேஷன் செய்துகொண்டு படுத்திருந்தான். அவன் இல்லாததால் மடையில் நின்றது நாகம்மாள் ஒருத்திதான். அவர்கள் முறை மூன்றாம் நாள் காலை ஒன்பது மணிக்கு வந்தது.

"மடையத் திறந்தேன் அக்கா. தண்ணி உள்ள எறங்கி ஒரு மூலைகூட நனையலை. மணி கேட்டுச்சு. ஒண்ணு, ரெண்டு, மூணு. அதுக்குள்ளயான்னு நெனச்சேன். அவரு உங்க வீட்டுக்காரர அடிச்சதுலேருந்து, மணிக்கு மேல ஒரு நிமிசம் நம்ம மடை திறந்திருக்கக் கூடாதுன்னு எனக்கு ஒரு பயம். மண்ணைத் தள்ளி அடைச்சுட்டேன். அடைச்ச பெறகு நாலாவது மணி கேட்டுச்சு. அஞ்சாவது. அப்பத்தான் தெரிஞ்சுது. துக்க மணி."

மூன்றாம் நாள் காலையில் ஊரில் சூசைநாதர் என்று ஒரு பெரியவர் இறந்துபோயிருந்தார்.

"அதுக்குள்ள அடுத்தவங்க திறந்துட்டாங்க. அடைச்ச மடையத் திறக்கக் கூடாதே. யாருகிட்டப் போயி சொல்லுவேன்? ரெண்டு நாளா வயலுப் பக்கம் பாக்காமக் கிடக்கேன். இன்னைக்குச் சாயந்தரம் ஆட்டோல வந்து எறங்குனா மொதல்ல வயலைத்தான் பாப்பாரு. வயித்துல தையலோட மண்வெட்டியத் தூக்கிட்டு அடுத்த மடைக்காரங்க வீட்டுக்குப் போயிடுவாரு அக்கா. அடிச்சாலும் அடிப்பாரு, செத்தாலும் செத்துருவாரு. என் தப்புதான். தண்ணி கேக்க வரல. சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

அவள் தண்ணீர் கேட்கவில்லை. இதை நான் அழுத்திச் சொல்கிறேன். அவள் பார்வை ஒரு தடவைகூட மடுவின் பக்கம் போகவில்லை.

நான் ஞானாதிக்கத்தைப் பார்த்தேன். அவர் வலது காதை அவர்கள் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு நின்றார். முகத்தில் ரத்தம் இல்லை.

"மணி அடிக்கச் சொன்னது நான்தான்" என்றார்.

யாருக்கும் புரியவில்லை. அவரே சொன்னார். "சூசைநாதர் வீட்டுலேருந்து வந்து, தலைவரே துக்க மணி அடிக்கலாமான்னு கேட்டாங்க. நான் தாமரைய இழுத்துக்கிட்டே அடிங்கன்னுட்டேன். இந்த அஞ்சு நாளும் அந்த மணி முறைக்குத்தான்னு நான் யோசிச்சிருக்கணும். ஆளு விட்டுச் சொல்லி அனுப்புங்கன்னு சொல்லியிருக்கணும். ஒரு நிமிசம் யோசிக்கலை."

எனக்கு எரிச்சல் வந்தது. "இதெல்லாம் ஒரு தப்பா தலைவரே? செத்தவருக்கு மணி அடிக்காம எப்படி? அந்தம்மா அவசரப்பட்டுச்சு. ஊர்ல மீதிப் பதினாறு பேரு அவசரப்படலையே" என்றேன். நாகம்மாளை வைத்துக்கொண்டு சொல்லியிருக்கக் கூடாது. வாய் நீளம் என்று கமருன்னிஸா சும்மாவா சொல்கிறாள்.

"ஆளுக்குப் பாதி இறைச்சா என்ன பாய்?" என்று கேட்டார்.

"வெடிப்பைப் பாத்தீங்களா? பாதித் தண்ணிய வெடிப்பே குடிச்சுடும். ரெண்டு வயலும் பதராகும். ஒரு வயலுக்குத்தான் தண்ணி."

அவர் தலையை ஆட்டினார். பிறகு செய்ததுதான் நான் எதிர்பார்க்காதது. அவர் ஓஸைத் தூக்கப் போவார் என்று நினைத்தேன். கீழ்க்கரையிருப்புத் தலைவர்கள் அப்படித்தானே? இவர் அதைத் தொடவில்லை. சம்மனசுக்கு எதிரில் போய், அந்தப் புண் காலோடு வெறும் தரையில் குந்தினார்.

"எனக்குக் குடுக்கணும்னு தோணுது. ஆனா இது நான் மட்டும் போட்ட பயிரு இல்ல. தலைவரா நின்னப்ப உன்கிட்டக் கேக்கலை. உங்கப்பாவும் உங்கம்மாகிட்டக் கேக்கலை. இன்னைக்குக் கேக்குறேன். நீ வேணாம்னா எஞ்சினை நம்ம வயலுக்கே ஓட்டுவோம். ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். மனசுலயும் வெச்சுக்க மாட்டேன்."

"போங்க" என்றாள் சம்மனசு. "இவ்வளவு நாளும் கேக்காம இருந்துட்டு, இந்த ஒண்ணை மட்டும் கேக்குறீங்களே. கேக்காமக் குடுத்திருந்தா ஆயுசு பூரா உங்களத் திட்டிக்கிட்டே கிடந்திருப்பேன். அதையும் புடுங்கிட்டீங்களே."

அவள் வயலைப் பார்த்தாள். ஆறு மாவையும் ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரைக்கும் பார்த்தாள். அவசரப்படவில்லை. வெயில் தலைக்கு மேல் நின்றது. கொக்கு ஒன்று மடுவில் இறங்கி நடந்தது. என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது, அது நோன்பினால் மட்டும் இல்லை.

பிறகு அவள் தூக்குவாளியைத் திறந்து, மத்தியானத்துக்கு வைத்திருந்த தன் ஒரு வேளைச் சோற்றை நாகம்மாளுக்கு முன்னால் வைத்தாள்.

"தின்னு. நாகூருக்கு ஒண்ணும் போக வேணாம்."

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வயலுக்குள் இறங்கினாள். விரித்துப் போட்டிருந்த நீல ஓஸின் நுனியைப் பிடித்து இழுத்தாள். அந்த ஓஸ் முப்பது மீட்டர், நானே ஆள் பிடித்துத்தான் தூக்குவேன். கதிர் ஒடியாமல், வெடிப்பில் கால் மாட்டாமல், தோளில் போட்டு இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள். நாகம்மாள் சோற்றில் வைத்த கையை அப்படியே நிறுத்திவிட்டுப் பார்த்தாள். ஞானாதிக்கம் எழுந்து பின்னால் போய் ஓஸின் நடுப்பாகத்தைத் தாங்கிப் பிடித்தார். இருவரும் மடுவைச் சுற்றி வடகரைக்குப் போனார்கள். சம்மனசு முன்னால், தலைவர் பின்னால்.

வடகரை வயலின் தலைமாட்டில் ஓஸைப் போட்டுவிட்டு அவள் திரும்பி என்னைப் பார்த்துக் கத்தினாள். "என்ன பாய் பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? சுத்துங்க!"

பதினாறு வயதிலிருந்து கைப்பிடி சுற்றுகிறவன் நான். முதல் சுற்றில் எஞ்சின் எடுக்கவில்லை. இரண்டாவதில் எடுத்தது. ஓஸ் உப்பிப் புரண்டு, முனையில் கலங்கல் தண்ணீர் பீறிட்டு விழுந்தது. அந்தச் சத்தத்தில் யாரும் பேச வேண்டிய அவசியம் இல்லாமல் போனது. அல்லாஹ்வின் மேல் ஆணையாகச் சொல்கிறேன், அன்றைக்கு நோன்பு வைத்திருந்த நான், என் நோன்பை நினைத்து வெட்கப்பட்டேன்.

ஐந்து மணி நேரம் எஞ்சின் நிற்காமல் ஓடியது. மடு வற்றும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். வடகரை ஆறு மாவும் நனைந்தது. வெடிப்புகள் குடித்து மூடிக்கொண்டன. மடுவின் அடியில் சேறும் நாலைந்து கெளுத்தி மீனும் மிச்சம்.

பொழுது சாய்கிற நேரத்தில் ஆட்டோ வந்தது. சிங்காரவேலு வயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினான். திடமான ஆள், ஒரு வாரத்தில் பாதியாகியிருந்தான். தன் வயலில் நிற்கிற ஈரத்தைப் பார்த்தான். ஓஸைப் பார்த்தான். அது எங்கிருந்து வருகிறது என்று கண்ணாலேயே பின்தொடர்ந்து என் எஞ்சின் வரைக்கும் வந்தான். பிறகு தென்கரையைப் பார்த்தான். காய்ந்து வெடித்த அந்த ஆறு மாவை அவன் ரொம்ப நேரம் பார்த்தான்.

நாகம்மாள் எல்லாவற்றையும் அவனிடம் சொன்னாள். அவன் கத்தவில்லை. ஞானாதிக்கம் ஓஸைச் சுருட்டிக்கொண்டு அவனைக் கடந்துதான் போனார். சிங்காரவேலு வாயைத் திறந்தான், மூடிக்கொண்டான், அவ்வளவுதான். பேசியிருந்தாலும் அவன் நின்ற பக்கம் தலைவருக்கு இடது பக்கம்.

அன்று நோன்பு திறக்கும்போது சம்மனசு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். "இன்னைக்குக் கஞ்சி வைக்கலை பாய், மன்னிச்சுக்குங்க" என்றாள். நான் தண்ணீரை வாங்கினேன். குடிப்பதற்கு முன் எப்போதும் சொல்கிற துஆ அன்றைக்கு எனக்குச் சட்டென்று வாயில் வரவில்லை.

மாசி கடைசியில் ஒரு வேலையாக அந்தப் பக்கம் போனேன். வடகரையில் கதிர்கள் மஞ்சளாகிக் குனிந்திருந்தன. தென்கரையில் எல்லாக் கதிர்களும் வெளுத்து நிமிர்ந்து நின்றன. உருவிப் பார்த்தேன், கையில் உமிதான் வந்தது. மாட்டுக்கு வைக்கோல் ஆகட்டும் என்று அந்த இருவரும் அதை அறுத்துக்கொண்டிருந்தார்கள். மற்ற வயல்களைப் போலவே கட்டுக் கட்டாக, ஒழுங்காக, வரிசை தப்பாமல் அறுத்தார்கள். நிலக்காரர் சொன்னபடி பங்குனியில் நிலத்தை எடுத்துக்கொண்டார். அவர் மேல் கோபப்பட்டு என்ன செய்ய, அவருக்கு மணியும் தெரியாது, மடையும் தெரியாது.

அதன் பிறகு ஞானாதிக்கம் மருந்து அடிக்கப் போனார், நெல் கொள்முதல் செய்கிற இடத்தில் மூட்டை தூக்கப் போனார். சம்மனசு அடுத்த ஊர்களுக்கு நடவுக்குப் போனாள். ஆனாலும் விடிந்தால் அவர் வாய்க்காலுக்குள் இறங்கித் தாமரை அள்ளுவதை மட்டும் நிறுத்தவில்லை என்று கேள்விப்பட்டேன். ஒரு மடைகூடச் சொந்தமாக இல்லாத மனுஷன்.

ஆனி மாதம் குறுவைக்குத் தண்ணீர் வந்தது. முறை வைக்க மாதா கோயில் வாசலில் ஊர் கூடியிருந்தது. ஒரு எஞ்சினைப் பழுது பார்க்க வந்த நானும் வேப்பமர நிழலில் ஒதுங்கினேன். மேசை மேல் பானை இருந்தது. கோயிலில் மணி அடிக்கிற கோயில்பிள்ளை சீட்டுகளில் பெயர் எழுதிக்கொண்டிருந்தார். ஞானாதிக்கம் முன்வரிசையில் ஒரு நாற்காலியில், சம்மனசு பெண்களோடு பின்னால்.

ஞானாதிக்கம் எழுந்தார். "நான் தலைவரா இருக்குறது இனிமே முறை இல்லங்க. எனக்கு இந்தப் பாசனத்துல நிலம் கிடையாது. வேற ஆளப் பாத்துப் போட்டுக்குங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

கூட்டத்தில் சலசலப்பு. நியாயம்தான் என்றார்கள் இரண்டு பேர். நிலம் இல்லாதவர் தலைவராக இருக்கலாமா என்று விதி கேட்டார் ஒருவர். அப்போதுதான் சிங்காரவேலு எழுந்தான். பின்பக்கத்திலிருந்து நடந்து வந்து தலைவருக்கு இடது பக்கத்தில் நின்றான்.

"தலைவரு அவருதான்" என்றான். "நிலம் இல்லாட்டி என்ன, நிலம் இருந்தப்ப மட்டும் அவருக்கா தண்ணி பாஞ்சுச்சு? அவரு இருக்கட்டும். அவரு முறைதான் இப்பக் காலியாக் கிடக்கு. கோயில்பிள்ளை, பானையில என் பேரைப் போடாதீங்க. அந்தக் கடைசி முறையில நான் நிக்கிறேன்."

கோயில்பிள்ளை பேனாவைக் கீழே வைத்துவிட்டார். நாகம்மாள் இருந்த பக்கம் பார்த்தேன். அவள் சம்மனசின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அது புதுச் செய்தி மாதிரித் தெரியவில்லை. அவளிடம் அவன் முன்னமே கேட்டிருக்க வேண்டும்.

ஞானாதிக்கத்துக்கு மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. எல்லாரும் தன்னையே பார்ப்பதைப் பார்த்து, சுற்றுமுற்றும் திரும்பி, "என்ன? என்ன சொல்றாரு?" என்று கேட்டார்.

சிங்காரவேலு ஒரு கணம் நின்றான். அந்தக் காதைப் பார்த்தான். பிறகு நாற்காலியைச் சுற்றிக்கொண்டு வலது பக்கமாக வந்தான். மண் தரையில் குந்தி, நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு, அந்தக் காதுக்குக் கிட்டே வாயை வைத்துச் சொல்ல ஆரம்பித்தான்.

கடைசி முறையில் நிற்கிறேன் என்று சொல்ல ஒரு மூச்சு போதும். அவன் ரொம்ப நேரம் சொல்லிக்கொண்டிருந்தான். ஞானாதிக்கம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அதுவரைக்கும் பானை அப்படியே இருந்தது, ஊரும் காத்திருந்தது, நானும் என் எஞ்சின் வேலையை மறந்து நின்றுகொண்டிருந்தேன்.